பனிக்குள் கேட்ட சிலிண்டர் சத்தம்

பிர் ஹமூத்,
தபூக் மாகாணம், சவூதி அரேபியா.
ஷஅபான் பிறை 9

அன்புத் தங்கச்சி ஹிஃப்ஸாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். என் மூக்கு மட்டும் இன்னும் சிவப்பு இறங்காமல் இருக்கிறது. அங்கே நீ, உன் உம்மா, வாப்பா, முடுக்கில் உள்ள அத்தனை பேரும் நல்ல தெம்போடு இருக்கிறீர்கள் என்பது போனிலேயே தெரிகிறது. உன்னைக் கூப்பிட்டால் அத்தனை பேரின் குரலும் எனக்குக் கேட்கிறதே.

அதனால்தான் இந்தக் கடிதம். போன வெள்ளிக்கிழமை நீ என்னிடம், "எதையும் மறைக்காம சொல்லுங்க லாத்தா, அங்கே வந்து இருக்க முடியுமா?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் உன் உம்மா பதில் சொன்னார்கள். அதற்கு உன் பெரியம்மா மறுபதில் சொன்னார்கள். நடுவில் யாரோ ஒரு பிள்ளை, அங்கே பனிக்கரடி உண்டா என்று கேட்டது. கடைசியில் நான் காயல்பட்டினத்தில் தேங்காய் என்ன விலை என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். ஸ்பீக்கரில் சொல்ல முடியாததைத் தாளில் எழுதி சாதிக் பாட்ஷா காக்கா கையில் கொடுத்து அனுப்புகிறேன். தபூக்கில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். லீவில் ஊருக்கு வருகிறார். உன் கையில் மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று கண்டித்துச் சொல்லியிருக்கிறேன். மாடிக்குப் போய், கதவைத் தாழ் போட்டுக்கொண்டு படி.

முதலில் அந்த வீடியோவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். லுங்கியும் பனியனுமாகப் பனிக்குவியல் மேல் உட்கார்ந்து சுலைமானி டீ குடித்துக்கொண்டே, இதுதான் நம்ம ஊட்டி என்று உன் மாப்பிள்ளை சாகிர் உனக்கு அனுப்பிய வீடியோ. எடுத்தது பக்கத்துப் பஞ்சர் கடை அஸ்கர் அலி. எடுத்து முடித்த கையோடு சாகிரை இரண்டு போர்வைக்குள் சுருட்டி அடுப்புக்கு முன்னால் உருட்டிவிட்டோம். பல் கிட்டி, பேச்சு வராமல் கிடந்தான். உன்னை அசத்த வேண்டும் என்று செய்த வேலை அது. ஆனால் உன் உம்மா அதைப் பார்த்துவிட்டு, மருமகனுக்குக் குளிரில் புத்தி பேதலித்துவிட்டது என்று யாசீன் ஓத ஆள் கூப்பிட்டார்களாம். ஆசை காட்டப் போய்ப் பயம் காட்டிவிட்டான். எங்கே தப்பு நடந்தது என்று அவனுக்கு இன்னும் விளங்கவில்லை. வீடியோ நல்லாத்தானே இருந்துச்சு மைனி என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

விஷயம் என்னவோ அவ்வளவு சிரிப்பாக இல்லை. உன் விசிட் விசா அடித்துத் தயாராக இருக்கிறது. நோன்பு பிறப்பதற்குள் நீ விமானம் ஏறாவிட்டால் அது செத்துப்போகும். நீ வரவில்லை என்றால் பெருநாள் முடிந்ததும் இங்கே எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடுவதாகச் சாகிர் கூடப்பிறந்த காக்காவிடம் சொல்லிவிட்டான். உன் மச்சான், அதாவது எங்கள் வீட்டு ஜெய்னுலாப்தீன் ஹாஜியார், சரி என்றார். சரி என்று சொல்லிவிட்டு சரக்கு அறைக்குள் போய் நெடுநேரம் அரிசி மூட்டைகளை இடம் மாற்றிக்கொண்டிருந்தார். மாற்ற வேண்டிய அவசியமே இல்லாத மூட்டைகள்.

நம் ஊர் வழக்கம் எனக்குத் தெரியாதா? மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெண் தான் பிறந்த வீட்டை விட்டு எங்கும் போவதில்லை. நானும் அப்படி வளர்ந்தவள்தான். அதனால் உன்னை வா வா என்று இழுக்க நான் எழுதவில்லை. நீ மறைக்காமல் சொல்லச் சொன்னாய். மறைக்காமல் சொல்கிறேன். சாகிர் உன்னிடம் மறைத்ததையும் சேர்த்து.

பிர் ஹமூத் என்பது ஊர் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு சாலை. ஒரு பள்ளிவாசல், ஒரு பெட்ரோல் பங்க், எங்கள் பகாலா என்கிற மளிகைக் கடை, அஸ்கர் அலியின் பஞ்சர் கடை. அங்கங்கே பிய்த்துப் போட்ட மாதிரி சில வீடுகள், வீட்டை விடப் பெரிய ஆட்டுப்பட்டிகள். பின்னால் ஜபல் அல்லவ்ஸ். லவ்ஸ் என்றால் பாதாம். பாதாம் மலை. குளிர்காலத்தில் அந்த மலை உச்சியில் கொஞ்சம் பனி விழும். அதைப் பார்க்க தபூக்கிலிருந்து ஜனங்கள் கார் கட்டிக்கொண்டு வருவார்கள். எங்களுக்கு டீயும் பிஸ்கட்டும் நன்றாக விற்கும். பனி என்றால் இவ்வளவுதான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

போன மாதம் அது உச்சியோடு நிற்கவில்லை. காலையில் எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் அலறியது. அரபியில் எச்சரிக்கை. உன் மச்சான் அதைப் படித்துப் பார்த்து, மழைதான், இதற்குப் போய் இவ்வளவு சத்தமா என்றார். சாகிர் வழக்கம்போலப் பிக்கப்பில் பார்லி மூட்டைகளையும் கேஸ் சிலிண்டர்களையும் ஏற்றிக்கொண்டு மேலே புறப்பட்டான். மலைச் சரிவில் அபூ சாலிம் என்று ஒரு பெரியவர் கூடாரம் போட்டு ஆடு மேய்க்கிறார். அவருக்கும் அவருடைய வயதான உம்மாவுக்கும் வாராவாரம் சாமான் கொண்டுபோவது இவன் வேலை. அந்த வண்டியின் ஹாரன் எப்போதோ செத்துப்போயிற்று. சரிசெய்யச் சொன்னால் உன் மச்சான், பாலைவனத்தில் யாருக்கு ஹாரன் என்பார். அதனால் சாகிர் ஸ்பேனரால் சிலிண்டரைத் தட்டித்தான் வந்திருப்பதைத் தெரிவிப்பான். டங், டங்டங், டங். நம் ஊர்க் கல்யாண ஊர்வலத்தில் தஃப் அடிப்பார்களே, அதே தாளம். அபூ சாலிமின் ஆடுகள் அந்தச் சத்தம் கேட்டதும் பார்லி வந்துவிட்டது என்று நாலு கால் பாய்ச்சலில் ஓடிவருமாம். அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவான். மனுஷன் எவனும் என்னை இப்படி வரவேற்றதில்லை மைனி என்பான்.

அவன் போன கொஞ்ச நேரத்தில் காற்று திரும்பியது. முதலில் ரவையைக் கொட்டினாற்போல் சின்னச் சின்னதாக விழுந்தது. நான் கடை வாசலில் நின்று கையை நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தேன். பிறகு அது விழவில்லை ஹிஃப்ஸா, பக்கவாட்டில் பறந்து வந்தது. எதிரே இருக்கும் பள்ளிவாசல் மறைந்தது. பெட்ரோல் பங்க்கின் கூரை மறைந்தது. மின்சாரம் போயிற்று. போன் டவரும் போயிற்று. நான் அப்போதும், சாகிர் மேலே போய்ச் சேர்ந்திருப்பான், சாப்பிட்டுவிட்டு வருவான் என்றுதான் நினைத்தேன்.

பனி பார்க்க வந்த தபூக் குடும்பங்களும் லாரி டிரைவர்களும் நடுவழியில் மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராகப் பள்ளிவாசலுக்குள் வந்து சேர்ந்தார்கள். சின்னப் பிள்ளைகள், கைக்குழந்தை எல்லாம் இருந்தது. எங்களுக்கு விசா கொடுத்த கபீல் அபூ ஃபைசல் தன் வீட்டிலிருந்த கம்பளம், போர்வை, ஒட்டகத்துக்குப் போர்த்துகிற துணி வரைக்கும் சுமந்துகொண்டு போனார். எங்கள் கடையில் கேஸுக்குப் பஞ்சமில்லை. எனக்குத் தெரிந்து, அவ்வளவு பேருக்கும் ஒரே பாத்திரத்தில் சமைக்கக் கூடியது ஒன்றே ஒன்றுதான். நோன்புக் கஞ்சி. நோன்பே இல்லாத மாதத்தில் நோன்புக் கஞ்சி வைத்தவள் நம் ஊர்ச் சரித்திரத்தில் நானாகத்தான் இருப்பேன். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, கடையில் இருந்த கைமா எல்லாம், தேங்காய்ப்பால் பவுடர். ரம்பை இலை மட்டும் மாஃபி, கிடையாது.

அதைக் குடித்தவர்கள் பேசிய பேச்சைக் கேட்க வேண்டுமே. அஸ்கர் அலி ஒரு வாய் குடித்துவிட்டு, இது எங்கள் பெஷாவர் ஹலீம்தான், யாரோ தண்ணீர் ஊற்றிவிட்டார்கள் என்றார். பள்ளிவாசல் இமாம் சூடான்காரர். சின்ன வயதில் அவருடைய தாயார் இதைத்தான் கொடுத்தார்கள் என்று சத்தியம் செய்தார். அபூ ஃபைசலின் மனைவி உம்மு ஃபைசல், இது ஜரீஷ், எங்கள் கோதுமைக் கஞ்சி, எங்களிடமிருந்துதான் இந்தியாவுக்குப் போயிருக்க வேண்டும் என்று முடித்துவிட்டார்கள். ஒரு லாரி டிரைவர் ஒன்றுமே பேசாமல் மூன்று முறை கிண்ணத்தை நீட்டினார். அவர் கோவில்பட்டிக்காரராம். மூன்றாவது கிண்ணத்துக்குப் பிறகுதான் தமிழில் வாயைத் திறந்தார். முன்னாலேயே பேசியிருந்தால் கைமாவை இன்னும் கொஞ்சம் அள்ளிப் போட்டிருப்பேனே என்று திட்டினேன்.

உன் மச்சான் செய்த கூத்து ஒன்று உண்டு. கடையின் கண்ணாடிக் கதவு பனியில் உறைந்து ஒட்டிக்கொண்டது. ஊர்க்காரர்கள் பொறு பொறு என்று கத்தக் கத்த, கொதிக்கிற வெந்நீரைக் கொண்டுவந்து கதவின் மேல் ஊற்றினார். கடலோரத்தில் பிறந்தவருக்கு அதெல்லாம் எங்கே தெரியும். மேலிருந்து கீழே ஒரே விரிசல். உம்மு ஃபைசல் முகத்திரைக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். அந்தக் கதவு இப்போதும் டேப் ஒட்டித்தான் நிற்கிறது. யாராவது கேட்டால் காற்று உடைத்தது என்கிறார். அன்று நான் துவைத்துக் காயப்போட்ட அவர் லுங்கியும் விறைத்துப் போய், கொடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தால் அதுபாட்டுக்கு நின்றது.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தபோதே சாயங்கால அசர் தொழுகை நேரம் வந்துவிட்டது. சாகிர் வரவில்லை.

அதன் பிறகு யாரும் அவன் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமலிருந்ததிலேயே எல்லோரும் அவனைத்தான் நினைக்கிறார்கள் என்று தெரிந்தது. உன் மச்சானும் அஸ்கர் அலியும் தேடிப் போகிறோம் என்று ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அபூ ஃபைசல் குறுக்கே நின்றார். பாதையே தெரியாத இடத்தில் இன்னும் இரண்டு பேரைத் தொலைக்க நான் தயாராக இல்லை என்றார். அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை, அன்று போட்டார். உன் மச்சான் திரும்பி வந்து, விரிசல் விட்ட கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். இந்த மனிதர் அழுது நான் பார்த்ததே கிடையாது. அன்றும் அழவில்லை. கதவைத் திட்டிக்கொண்டே இருந்தார்.

அந்த இரவைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. கஞ்சி கிளறினேன். அடி பிடிக்காமல் பார்த்துக்கொண்டேன்.

விடிந்த பிறகும் காற்று நிற்கவில்லை. உம்மு ஃபைசல் தணல் சட்டியோடு என் அடுக்களைக்கு வந்து உட்கார்ந்துகொண்டார்கள். அவர்கள் ஆட்டுத்தோல் வைத்துத் தைத்த தன் கனத்த அங்கியைக் கழற்றி என் தோளில் போட்டார்கள். என் அரபி உனக்குத் தெரியும், காய்கறியும் சாமானும் வாங்குகிற அரபி. அழுவதற்கும் பயப்படுவதற்கும் அதில் வார்த்தை கிடையாது. அவர்கள் என் இரண்டு கையையும் பிடித்துத் தேய்த்துவிட்டுக்கொண்டே, சாகிரின் மனைவி எங்கே என்று கேட்டார்கள். இந்தியாவில் என்றேன். அவளுக்குத் தெரியுமா என்று கேட்டார்கள். போன் இல்லை, தெரியாது என்று கையைக் காட்டினேன். அவர்கள் தணலைக் கிளறிவிட்டு, "மிஸ்கீனா" என்றார்கள்.

மிஸ்கீனா என்றால் பாவப்பட்டவள். நான் என்னைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து, இல்லை இல்லை, எனக்கு நீங்கள் இருக்கிறீர்களே என்றேன். அவர்கள் தலையை ஆட்டினார்கள். என்னைச் சொல்லவில்லை. உன்னைச் சொன்னார்கள். ஒன்றுமே தெரியாமல், அவன் அனுப்பாத செய்திக்காகப் போனைப் பார்த்துக்கொண்டு எங்கோ உட்கார்ந்திருக்கும் உன்னை.

மதியம் லுஹர் தொழுது கொஞ்ச நேரத்தில் காற்று சட்டென்று ஓய்ந்தது. வெளியே வந்து பார்த்தால் சாலை எது, முற்றம் எது என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே வெள்ளை. இப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. உம்மு ஃபைசல் ஏதோ சொல்ல வாயெடுத்தவர்கள், நிறுத்திக் கையை உயர்த்தினார்கள். அவர்களுக்குத்தான் முதலில் கேட்டது. பிறகு எனக்கும் கேட்டது.

டங். டங்டங். டங்.

ஹிஃப்ஸா, நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் மச்சானைக் கூப்பிடவில்லை. அல்ஹம்துலில்லாஹ் கூடச் சொல்லவில்லை. அகப்பையைக் கீழே போட்டுவிட்டு, செருப்புக்கூட இல்லாமல் பனிக்குள் ஓடினேன். கால் முழங்கால் வரை போய்விட்டது. உம்மு ஃபைசல் பின்னால் வந்து இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தோம். விழுந்த இடத்திலேயே கிடந்து பார்த்தோம்.

மேட்டிலிருந்து நம் பிக்கப் நத்தை வேகத்தில் இறங்கி வருகிறது. ஓட்டுவது அபூ சாலிம். பக்கத்தில் போர்வை மூட்டையாக அவருடைய உம்மா. பின்னால் திறந்த இடத்தில், இரண்டு காலையும் அகட்டி நின்றுகொண்டு, தலையில் அரபிச் சால்வையைச் சுற்றிக்கொண்டு உன் மாப்பிள்ளை சிலிண்டரைத் தட்டுகிறான். அவன் காலடியில் ஆட்டுக்குட்டிகள். வண்டிக்குப் பின்னால் வரிசையாக, ஒன்றின் வாலை ஒன்று பிடித்த மாதிரி, அபூ சாலிமின் மொத்த மந்தையும் வருகிறது. நிக்காஹ் அன்று இவனுக்கு வந்த ஊர்வலத்தில்கூட இவ்வளவு கூட்டம் இல்லை.

மேலே நடந்ததை அபூ சாலிம்தான் பிறகு சொன்னார். உன் மாப்பிள்ளை இதைச் சொல்லவே மாட்டான். பனிக் கனத்தில் கூடாரம் சரிந்துவிட்டது. கிழவி உள்ளே மாட்டிக்கொண்டார்கள். சாகிர்தான் துணிக்கு அடியில் தவழ்ந்து போய் அவர்களை இழுத்துக்கொண்டு வந்து வண்டிக்குள் உட்கார வைத்திருக்கிறான். காற்று அடங்கும் வரை மூன்று பேரும் அந்த வண்டிக்குள் ஒடுங்கிக் கிடந்திருக்கிறார்கள். காற்று நின்றதும் இறங்கலாம் என்றால், அபூ சாலிம் ஆடுகளை விட்டு வர மாட்டேன் என்று அடம். ஆடுகளோ ஒரு பாறைக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு, விரட்டினாலும் கத்தினாலும் அசையவில்லை. கடைசியில் இவன், கீழே யாருக்காவது கேட்கட்டும் என்று சிலிண்டரைத் தட்டியிருக்கிறான். ஊர்க்காரர்களுக்குக் கேட்டதோ இல்லையோ, ஆடுகள் தலையைத் தூக்கிவிட்டன. பார்லி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு பாறையை விட்டு எழுந்து வந்துவிட்டன. முன்தினம் கொண்டுபோன பார்லியெல்லாம் கூடாரத்துக்கு அடியில் கிடக்கிறது. பாவம், அத்தனை ஜீவன்களையும் வழி நெடுக ஏமாற்றியே கூட்டிவந்துவிட்டான்.

வண்டி நின்றதும் ஒரு குட்டியைத் தூக்கி என் கையில் திணித்தான். உதடு வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"மைனி, நெட்வொர்க் வந்துச்சா? ஹிஃப்ஸா தேடியிருப்பா."

அடுத்த வார்த்தை, "அவகிட்ட இதைச் சொல்லிராதீங்க."

நான் சரி என்று சொல்லவில்லை. ஆட்டுக்குட்டி என் மேல் சிறுநீர் கழித்துக்கொண்டிருந்தது, எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் வாக்கு மீறினேன் என்று யாரும் என்னைப் பிடிக்க முடியாது. உன் மச்சான் வந்து தம்பியைக் கட்டிப்பிடிப்பார் என்று பார்த்தேன். அவர் வண்டியைச் சுற்றி வந்து டயரைத் தட்டிப் பார்த்தார். பிறகு, நாளைக்கே ஹாரனைச் சரிசெய்துவிடலாம் என்றார். சொல்லிக்கொண்டே டயரை இன்னொரு தரம் தட்டினார். சாகிர், வேணாம் காக்கா, ஆடுங்க கோவிச்சுக்கும் என்றான். அதன் பிறகுதான் எல்லோரும் சிரித்தோம்.

ஆடுகளை எங்கே நிறுத்துவது? பட்டிகளெல்லாம் பனிக்குள் கிடந்தன. அபூ ஃபைசல் விருந்தாளிகளுக்கென்று புதுச் சிவப்புக் கம்பளம் விரித்த தன் மஜ்லிஸ் கூடத்தைத் திறந்துவிட்டார். அதில் கொள்ளாதவை எங்கள் பகாலாவுக்குள் வந்தன. வந்தவை கோஸைத் தின்றன, நூடுல்ஸ் பாக்கெட்டுகளை அட்டையோடு தின்றன, சுவரில் தொங்கிய காலண்டரையும் விட்டு வைக்கவில்லை. அபூ சாலிமின் உம்மா கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, கடை நடத்துவது எப்படி என்று உன் மச்சானுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார்கள். அபூ சாலிம் நன்றிக்கு ஓர் ஆட்டை அறுத்தார். கோவில்பட்டிக்காரர் இருந்த மிளகாய்த்தூளையெல்லாம் போட்டுக் குழம்பு வைத்தார். பனி உருகிச் சாலை திறக்கும் வரை பிர் ஹமூத் ஒரே வீடாக இருந்தது. சாலை திறந்தபோது தபூக்காரர்கள் கிளம்ப மனமில்லாமல் கிளம்பினார்கள். நீ பார்த்த அந்த வீடியோ அந்தக் கடைசி நாளில் எடுத்தது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். இங்கே இருக்க முடியுமா?

கஷ்டம்தான் ஹிஃப்ஸா. கடல் இல்லை. மீன் என்றால் கல்லாக உறைந்த மீன். முடுக்கு வழியாக ஒரு வீட்டிலிருந்து நாலு வீடு போய்வர முடியாது. போவதற்கு நாலு வீடும் இல்லை. கடைக்கும் தொழுகைக்கும் ஆண்கள் போய்விட்டால் மதியம் நீண்டுகொண்டே போகும். வந்த முதல் வருடம் நான் சுவரோடு பேசினேன். இப்போது கடைப் பூனையோடு பேசுகிறேன், அதுவாவது நடுநடுவே வாலை ஆட்டுகிறது. என் மகன் சென்னையில் காலேஜ் படிக்கிறான், அவனுக்கு உம்மாவிடம் பேச நேரம் கிடையாது. இவர்கள் இருவரும் சாப்பிடும்போது பேசுவதெல்லாம் சரக்கு வந்ததா, லோடு இறங்கியதா என்பதுதான். உன் உம்மா சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை.

ஆனால் உன் உம்மா சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்று நான் சாகிரை நினைத்துப் பயந்தேன். நீ பயப்படவில்லை, உனக்குத் தெரியாது. உன் செய்திக்கு ஒற்றை டிக் விழுந்திருந்ததை மட்டும் பார்த்துவிட்டுத் தூங்கியிருப்பாய். டவர் வந்ததும் அவன், நெட்வொர்க் இல்லாமல் போயிற்று என்றான், நீயும் நம்பினாய். யோசித்துப் பார்த்தால் உனக்கு நடந்ததுதான் எனக்குப் பெரிய கஷ்டமாகப் படுகிறது. பயம் எங்கே இருந்தாலும் வரத்தான் செய்யும். அங்கே இருந்தால் போனைப் பார்த்துக்கொண்டு தனியாகப் பயப்பட வேண்டும். இங்கே இருந்தால் கஞ்சி கிளறிக்கொண்டே பயப்படலாம், பக்கத்தில் கையைத் தேய்த்துவிட ஆள் இருக்கும். வண்டி வரும் சத்தம் முதலில் உன் காதில் விழும். இவ்வளவுதான் வித்தியாசம். இதைப் பெரிது என்று நினைத்தால் வா. சின்னது என்று பட்டால் வர வேண்டாம்.

சாகிர் ஊருக்கே வந்துவிட்டாலும் குறை ஒன்றும் இல்லை. உன் வீட்டில் ராஜாவாக இருப்பான். கல்யாண வீட்டுக் களறிச் சாப்பாடு சாப்பிட்டு நன்றாகத் தொப்பை போடுவான். நாங்கள் இரண்டு பேரும் இங்கே இருந்துகொள்வோம், இருந்து பழக்கம்தான். உன் மச்சான் மூட்டைகளை இடம் மாற்றிக்கொண்டிருப்பார். அதற்காக நீ மனதைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம்.

வருவதாக இருந்தால் சாதிக் பாட்ஷா காக்கா தன் வீட்டுக்காரம்மாவைக் கூட்டிக்கொண்டு திரும்புகிறார், அவர்களோடு ஏறிவிடு. கனத்த துணி எதுவும் வாங்காதே. அங்கே விற்கும் ஸ்வெட்டர் இங்கே கைக்குட்டைக்குச் சமம். உம்மு ஃபைசல் உனக்கென்று ஓர் அங்கியை வெயிலில் போட்டு எடுத்து வைத்திருக்கிறார்கள், தினமும் எப்போது வருகிறாள் என்று கேட்கிறார்கள். ரம்பை இலையைக் காயவைத்து எடுத்துவா. இந்த நோன்புக்குப் பள்ளிவாசலில் என் கஞ்சிதான் என்று இமாம் அறிவிப்பே செய்துவிட்டார், ஒற்றை ஆளாகக் கிளற எனக்குத் தோள் இல்லை.

வரவில்லை என்றால் அதையும் நீயே சொல். உன் உம்மா வாயால் வேண்டாம், சாகிரிடம் அழுதும் வேண்டாம். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு எனக்குப் போன் செய்து, வரவில்லை லாத்தா என்று ஒரு வார்த்தை சொல். நான் கோபிக்க மாட்டேன். அவனிடம் எப்படிச் சொல்வது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ என்ன முடிவு செய்தாலும் அவன் மறைத்ததை மட்டும் அவனிடம் கேட்டு வாங்கிவிடு, இனி ஒன்றையும் மறைக்க விடாதே.

உன் உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் என் ஸலாம் சொல். அந்தப் பிள்ளையிடம் பனிக்கரடி இல்லை என்று சொல். அல்லாஹ் உன்னை எந்த ஊரில் வைத்தாலும் வாய்விட்டுச் சிரிக்கிறவளாகவே வைக்கட்டும். இந்த ஊரில் வைத்தால், அது என் காதில் விழுகிற தூரத்தில் வைக்கட்டும்.

துஆவுடன்,
உன் நஸீரா லாத்தா